வாய் வைத்துக் குடித்த தண்ணீர்

என் கதையை நானே சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதன் முக்கியமான பகுதி நடந்தபோது நான் அங்கே இல்லை. உடம்பு இருந்தது, நான் இல்லை. ஆகவே முதல் பாதி மற்றவர்கள் சொன்னது. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். ஒத்துப்போனதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில், "நீங்களே எழுந்து பேசுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார் கிராம நர்ஸம்மா. எழுந்து நின்றால் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. பத்தாவது வரை படித்தவள்தானே, எழுதித் தந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

என் பெயர் ராணி. மானாம்பதிப் பக்கம் நடவுக்குப் போகிற பெண்களுக்கு நான்தான் மேஸ்திரி. நிலக்காரர்கள் எனக்குப் போன் செய்வார்கள், நான் ஆள் சேர்த்துக்கொண்டு போவேன். எங்களில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. நடவு வரிசையில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிறவள் தனம். என்னைவிடச் சின்னவள். வாய் மட்டும் பெரியது. அவள் வராத நாளில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பொழுது போகாது.

தண்ணீர் குடிக்கிற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வயலுக்குத் தனம் ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவாள். எல்லாரும் அதில்தான் குடிப்போம். அண்ணாந்து, உதடு படாமல், தூக்கிக் குடிப்போம். யாராவது வாய் வைத்துவிட்டால் எச்சிலாகிவிடும், மற்றவர்கள் தொட மாட்டார்கள். நிலக்காரர் வீட்டில் கேட்டாலும் சொம்பை உயரப் பிடித்துத்தான் ஊற்றுவார்கள். அதற்குக் காரணம் வேறு, அதை இங்கே எழுதப்போவதில்லை.

அன்றைக்கு நடவு முடிந்து லோடு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். உட்காருங்கடி என்று எல்லாரையும் அதட்டிவிட்டு நான் மட்டும் பின்கதவில் சாய்ந்து நின்றேன். மேஸ்திரி இல்லையா. ஏரிக்கரை வளைவில் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. கதவின் கொக்கி கழன்றது. வானம் தெரிந்ததுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. தார் ரோடு ஞாபகம் இல்லை.

பின்மண்டை அடித்ததாம். ரத்தம் அதிகம் வரவில்லை, அதனால் முதலில் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. ரத்தம் கொட்டினால்தான் எங்களுக்கு அடி என்று கணக்கு. தனம் வண்டியிலிருந்து குதித்து என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"யக்கா, கண்ண தொற யக்கா. இங்க பாரு, நான் தனம்."

"மூஞ்சில அடிடி தண்ணிய."

"வாயில கொஞ்சம் ஊத்து. நாக்கு வறண்டு கீது பாரு."

யார் எதைச் சொன்னார்கள் என்று இப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கம் யார் எங்கே விழுந்தாலும் முதலில் தேடுவது தண்ணீரை. கடை பக்கத்தில் இருந்தால் சோடா. விழுந்தவரை அப்படியே போட்டுவிட்டுச் சும்மா நிற்பது எங்களுக்குப் பெரிய பாவம். பாட்டில் தனத்திடம் இருந்தது, அதனால் ஊற்றிய கை அவளுடையது.

ஆம்புலன்ஸ் வந்தது. தனம்தான் கூட ஏறினாள். கொஞ்ச தூரம் போவதற்குள் என் மூச்சு கொறகொறவென்று மாறிவிட்டதாம். பிறகு வாயிலிருந்து நுரை வந்திருக்கிறது. வெள்ளை நுரை இல்லை, ரோஸ் நிறம். ஆம்புலன்ஸில் இருந்த தம்பி ஒரு குழாயை வைத்து உறிஞ்ச உறிஞ்ச அது வந்துகொண்டே இருந்திருக்கிறது. தனம் அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். தான் ஊற்றிய தண்ணீர்தான் ரத்தத்தோடு கலந்து திரும்பி வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஓர் இடத்தில் அடிபட்டு ரத்தம் கசிந்து வீங்கியிருந்தது. ஆபரேஷன் தேவையில்லை, மருந்திலேயே வற்றும் என்றார்கள். தலையைவிட நெஞ்சுதான் அவசரமாக இருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் வெள்ளையாகத் தெரிந்ததாம். காற்று இருக்கிற இடம் கறுப்பாகத் தெரிய வேண்டும், வெள்ளை என்றால் அங்கே தண்ணீர். தொண்டை வழியாகக் குழாய் விட்டு மெஷினில் மாட்டினார்கள். வென்டிலேட்டர் என்கிறார்களே, அது. நாம் மூச்சை இழுக்கிறோம், அது மூச்சை உள்ளே தள்ளுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நடுவே ஒரு நர்ஸ் வெளியே வந்து கேட்டிருக்கிறார்.

"யாரும்மா வாயில தண்ணி ஊத்துனது? மயங்கிக் கெடக்கறவங்களுக்கு ஊத்தலாமா? நேரா நுரையீரலுக்குத்தான் போகும், தெரியாதா?"

"நான்தாம்மா ஊத்துனேன்" என்றிருக்கிறாள் தனம். ஈரப் புடவையோடு, சேறு காய்ந்த காலோடு அங்கேயே நின்றிருந்தாளாம்.

சிறிது நேரம் கழித்து டாக்டர் வந்து, நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இரண்டு பேச்சையும் சேர்த்து முடிச்சுப் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போதுதான் என் மகன் சதீஷ் ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து யூனிபார்மோடு ஓடி வந்தான். அந்த வராண்டாவில் அவன் தனத்தை என்ன கேட்டான் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஏழுமலை, ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அதிகம் பேச மாட்டார். ஐ.சி.யூ.வுக்கு வெளியே நோயாளிகளின் ஆட்கள் தங்க ஒரு ஹால் உண்டு. பாய், தலையணை, தூக்குவாளி, போன் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக், அதற்குச் சண்டை. அங்கே ஒரு மைக் இருக்கிறது. அது கரகரத்தால் ஹாலே எழுந்து உட்காருமாம். "ராணி அட்டெண்டர்" என்று கூப்பிட்டால் இவர் போக வேண்டும். சில சமயம் மருந்து வாங்கிவரச் சொல்வார்கள், சில சமயம் கையெழுத்து. எதற்கு என்று கதவைத் திறக்கும்வரை தெரியாது. "அந்தக் கதவாண்ட போறதுக்குள்ள காலு பின்னிக்கும்" என்றார் ஒரு நாள். அரசாங்க ஆஸ்பத்திரி, பில் கிடையாது. ஆனாலும் செலவு எப்படியோ வந்து சேருகிறது. என் கம்மல் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் விழித்தபோது வாயில் குழாய் இருந்தது. கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்பதற்காக என்று பிறகு புரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது, நான் ஏதோ திருடி மாட்டிக்கொண்டேன் என்பதுதான். ஐ.சி.யூ.வில் பகலும் இல்லை, இரவும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மெஷின்கள் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். பயமாக இருந்தது. ஆனால் கத்த முடியாத பயம் சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

அதற்குள் நெஞ்சில் இருந்த தண்ணீர் பெருமளவு வடிந்துவிட்டிருந்தது. நிறைய சிறுநீர் போகிற ஊசி போட்டிருந்தார்கள். நெஞ்சில் சேர்ந்த தண்ணீர் மறுபடி ரத்தத்துக்குப் போய், கிட்னி வழியாக, கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் இறங்கியது. என் வீட்டுக்காரர் தினமும் உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பையைப் பார்ப்பார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

குழாயை எடுத்தார்கள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "தண்ணி."

"இப்ப குடுக்கக்கூடாதும்மா" என்றார் நர்ஸ்.

தாகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சித்திரை வெயிலில் களை எடுத்தவள் நான். ஆனால் இது வேறு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேசுவதற்கு முன்னால் அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கை வழியாக உடம்புக்கு வேண்டிய தண்ணீர் போகிறது என்றார்கள். உடம்புக்குப் போயிருக்கலாம். வாய்க்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவின் மேசையில் ஒரு பாட்டில் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.

என் வீட்டுக்காரர் பஞ்சை நனைத்து என் உதட்டில் ஒற்றுவார். பிழிந்துவிட்டு ஒற்றுவார், ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது என்று அவ்வளவு கவனம். அந்த நாட்களில் அவர் என் எதிரில் எதையும் குடிக்கவில்லை. டீ குடிக்கப் போனால் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்த சேலைகளைவிட இது பெரிது என்று எனக்குப் பட்டது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார்.

பிறகு விழுங்கப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வந்து, விழுங்கிக் காட்டச் சொன்னார். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். வழக்கம்போல் தலையை அண்ணாந்தேன். இருமல் வந்து, கண் பிதுங்கி, கட்டிலே ஆடியது.

"அண்ணாந்து குடிக்கிற பழக்கமா?" என்றார்.

"ஆமாம்மா. நாங்க எல்லாருமே அப்பிடித்தான்."

தலையில் அடிபட்டதிலும் குழாய் இருந்ததிலும் என் தொண்டைக்கு வேகம் குறைந்திருந்தது. தண்ணீர் வருகிறது என்று தெரிந்து மூச்சுக்குழாயின் வாசலை மூடுவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறதாம். தலையை நிமிர்த்தினால் வாசல் அகலத் திறக்கும், மோவாயைக் கீழே வைத்தால் ஒடுங்கும். "டம்ளர்ல வாய் வச்சு, மோவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமா. தூக்கிக் குடிக்கவே கூடாது, சரியா?" என்றார். இரண்டாவது ஸ்பூன் அப்படிக் குடித்தேன், உள்ளே போயிற்று. அதன் ருசியை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதவும் வேண்டாம், எல்லார் வீட்டிலும் இருக்கிற தண்ணீர்தான்.

வார்டுக்கு மாற்றியதும் நடவுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ரசம் கொண்டுவந்தாள், ஒருத்தி வேளாங்கண்ணி எண்ணெய், இன்னொருத்தி படவேட்டம்மன் குங்குமம். இரண்டையும் நெற்றியில் வாங்கிக்கொண்டேன். தனம் மட்டும் வரவில்லை.

"தனம் எங்கடி?"

"வேலைக்குப் போய்க்கீறா யக்கா."

ஆள் சேர்க்கிற நான் இங்கே படுத்திருக்கையில் அவள் யாரோடு வேலைக்குப் போனாள் என்று கேட்டேன். அவர்கள் ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. நான் செத்துப் பிழைத்திருக்கிறேன், இவளுக்கு வந்து பார்க்க ஒரு மணி நேரம் இல்லையா என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்தார். நுரையீரலில் தண்ணீர் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். சதீஷ் பக்கத்தில் நின்றிருந்தான். அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"தலையில பலமா அடிபட்டா மூளை பதறிடும்மா. உடம்புல இருக்கிற ரத்தக்குழாயை எல்லாம் இறுக்கச் சொல்லி ஆர்டர் போடும். ரத்தம் மொத்தமும் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். அந்த அழுத்தத்துல ரத்தத்துல இருக்கிற நீர் நுரையீரலுக்குள்ள கசிஞ்சிடும். ஆம்புலன்ஸ்ல ரோஸ் நுரை வந்துச்சுன்னு எழுதியிருக்காங்களே, அது அதுதான்."

சதீஷ்தான் கேட்டான். "வெளியில இருந்து வாயில ஊத்துன தண்ணி இல்லியா மேடம்?"

"அதுவும் துளி போயிருக்கலாம். ஆனா அதனால வந்திருந்தா பெரும்பாலும் ஒரு பக்கம், அடியில தெரியும். அப்புறம் சளி, காய்ச்சல்னு இழுத்துக்கிட்டு இருக்கும். இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. சட்டுனு வந்தது, சட்டுனு வடிஞ்சிடுச்சு. ஒரு மடக்குத் தண்ணி இவ்வளவு பண்ணாது." பிறகு சேர்த்துச் சொன்னார். "அதுக்காக ஊத்துனது சரின்னு சொல்ல மாட்டேன். மயக்கத்துல இருக்கறவங்களுக்கு வாயில எதையும் குடுக்கக்கூடாது. ஊர்ல எல்லாருக்கும் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

டாக்டர் போனபிறகும் சதீஷ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

"எம்மா, நான் தனம் அக்காவ திட்டிட்டேன். எங்கம்மாவுக்கு எதுனா ஆச்சின்னா நீதான் காரணம்னு சொன்னேன். எல்லார் எதிர்லயும். உள்ள வரக்கூடாதுன்னுட்டேன்."

"அவ இன்னா சொன்னா?"

"வெளிய போயிடுச்சி. ஆஸ்பத்திரி கேட்டாண்ட மரத்தடியில உக்காந்துகினு இருந்துச்சி. அப்பா சாப்பாடு வாங்கிக் குடுத்தாரு, சாப்புடல. நீ கண்ணு தொறந்துட்டன்னு கேட்டப்புறம்தான் ஊருக்குப் போச்சி."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, குழாய் இருந்த தொண்டையில் குரல் வரவில்லை. போய் டாக்டர் சொன்னதைச் சொல்லுடா என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கே வண்டி எடுத்துக்கொண்டு போனான். தனம் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நீ நல்ல புள்ளடா, ஆறுதலுக்கு சொல்ற. நான் கண்ணால பாத்தேன். ஊத்துனது அப்பிடியே வெளிய வந்துது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்த அன்று அவள் வந்தாள். வாசலிலேயே நின்று என் தலைக்காயத்தைப் பார்த்தாள். அழுதாள், நானும் அழுதேன். அதற்குப் பிறகு தினமும் வந்தாள். வீடு பெருக்கினாள், மீன் குழம்பு வைத்தாள், என் முடியில் சிக்கெடுத்தாள், பழையபடி ஊர் வம்பெல்லாம் பேசினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் சோறு சாப்பிடும்போது தண்ணீர் கேட்டேன். குடம் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"மாமா, யக்கா தண்ணி கேக்குது" என்று பின்கட்டில் இருந்த என் வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தாள்.

மறுநாளும் அப்படியே. ஒருவரும் இல்லாத சமயத்தில் கேட்டேன், குடத்தையும் டம்ளரையும் என் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"ஏன்டி, மொண்டு குடுக்க உனுக்குக் கை இல்லியா?"

"கை கீது. அந்தக் கைதான் வேணான்றேன்."

டாக்டர் சொன்னதை நானும் சொன்னேன். படம் வரைந்துகூடக் காட்டினேன். தலையை ஆட்டினாள். எனக்கு மூச்சு திரும்பிவிட்டது, மாத்திரை குறைந்துவிட்டது, எக்ஸ்ரே கறுப்பாகிவிட்டது. இவளை எந்த மெஷினில் மாட்டுவது என்று தெரியவில்லை. அவளிடமிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவரை நான் ஆஸ்பத்திரியைவிட்டு வந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த பருவத்து நடவு ஆரம்பித்தது. குனியக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது. ஆனாலும் ஆள் சேர்க்க நான்தான், அதனால் வரப்பு ஓரம் வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்து அதட்டுவதற்காகப் போனேன். டம்ளரை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மறந்தது நிஜம், திட்டமெல்லாம் இல்லை.

வெயில் ஏறியதும் எல்லாரும் கரையேறினார்கள். தனத்தின் பாட்டில் கை மாறிக் கை மாறி வந்தது. அண்ணாந்து, தூக்கி, ஆளுக்கு ஒரு மடக்கு. என் முறை வந்தபோது பாட்டில் தனத்தின் கையில் இருந்தது.

"குடு" என்றேன்.

"டம்ளர் எங்க?"

"வூட்ல கீது."

"வேற யார்னா குடுங்கடி" என்றாள். ஒருத்தியும் கை நீட்டவில்லை. அதற்காக அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"தொண்ட காயுது தனம். நீ குடுத்தா குடிக்கிறேன். இல்லன்னா இப்பிடியே உக்காந்துகினு கீறேன்."

அவள் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். பிறகு என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இடது கையை என் மோவாய்மேல் வைத்துக் கீழே அழுத்தினாள்.

"தலைய நிமிராத. மோவாய இறக்கு. வாய் வச்சிக் குடி. பரவால்ல, வாய் வையி."

இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

வாய் வைத்தேன். முதல் மடக்கு போயிற்று. இரண்டாவது மடக்கில் லேசாக இருமல் வந்தது. அவள் பாட்டிலைச் சட்டென்று பின்னால் இழுத்தாள். முகம் சேற்று நிறத்துக்குப் போய்விட்டது. நான் கண்ணை மூடி, மோவாயை இறக்கி, இன்னொரு தடவை விழுங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சா?"

"போச்சி."

"நெஜமா?"

"போச்சிடி."

நான் வாய் வைத்துவிட்டதால் அந்தப் பாட்டில் இனி எனக்குத்தான் என்று எடுத்துப் பக்கத்தில் வைக்கப் போனேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கினாள். துடைக்கவில்லை, தூக்கவும் இல்லை. நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மீதியை முழுக்கக் குடித்துவிட்டு வயலில் இறங்கினாள்.